பரணியல்: தலை இடிக்காமல் குடியிருப்பது குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழில் திண்ணைக்கு இலக்கியம் உண்டு. முற்றத்துக்கு உண்டு, கிணற்றடிக்கு உண்டு, கொல்லைப்புறத்துக்கும் உண்டு. பரணுக்கு மட்டும் இல்லை. மேலே ஏறிய ஒவ்வொருவரும் தேடிப்போன பொருளோடோ, அது கிடைக்காமலோ, உச்சந்தலையைத் தேய்த்தபடி இறங்கிவிட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து நாலு வரி எழுத எவருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நிமிர்ந்தால் இடிக்கிறது, குனிந்தால் இருட்டாக இருக்கிறது. இந்த இரண்டு குறைகளையும் நீக்கிப் பரணை மனிதர் வாழும் இடமாக்க முடியுமா என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இத்துறைக்குப் 'பரணியல்' என்று பெயரிட்டுள்ளேன். பரணி என்னும் சிற்றிலக்கிய வகையோடு யாரும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனைப் பாடுவது. பரணில் யானைக்கு இடமில்லை. தலைகள் சேதமாவது மட்டும் இரண்டுக்கும் பொது.

ஆய்வுக் களமாக எடுத்துக்கொண்டது திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம், தேர்வாய் கண்டிகையில் உள்ள என் மாமா வீட்டுப் பரண். இந்தப் பரணைத் தேர்ந்ததற்கு அறிவியல் காரணம் ஏதும் இல்லை. அங்கே போனால் அத்தை கையால் சோறு கிடைக்கும்.

2. சொல்லும் பொருளும்

பரணைக் கொங்குநாட்டில் அட்டாலி என்பார்கள். சென்னை அடுக்குமாடிக்காரர்கள் லாஃப்ட் என்று சொல்லி, அதில் சூட்கேசுக்குள் சூட்கேசாக மூன்றை அடக்கி வைப்பார்கள். 'பரம்' என்ற சொல்லிலிருந்து பரண் வந்தது என்பது மாமாவின் துணிபு. "மேல ஏறி ஒரு இடி வாங்கினா பரம்பொருள் தெரியுதே, அதான் மாப்ளே." மொழியியலார் இதை ஏற்கமாட்டார்கள். ஆனால் அவர்களில் யாரும் மாமா வீட்டுப் பரணில் ஏறியதில்லை.

சங்க காலப் பரண் வேறு மாதிரியானது. தினைப்புனத்தில் கிளி ஓட்ட நான்கு கால் நட்டு உயர்த்திக் கட்டிய மேடை அது. அதற்கு இதணம் என்றும் பெயர். வள்ளி கவணும் கையுமாக நின்றது அதன் மேல்தான். அந்தப் பரணுக்கு மேலே வானம் இருந்தது. வெளிச்சத்துக்கும் குறைவில்லை, உயரத்துக்கும் வரம்பில்லை. வேலோடு வந்து நின்ற முருகனுக்குக்கூட அங்கே தலை இடித்ததாக எந்தப் புராணமும் சொல்லவில்லை.

இதிலிருந்து இந்த ஆய்வின் முதல் துணிபு பிறக்கிறது. காட்டில் இருந்தவரை பரணுக்குக் குறை ஒன்றும் இல்லை. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து மேலே கூரையைப் போட்ட அன்றைக்குத்தான் வெளிச்சமும் போயிற்று, தலைக்கு மேலிருந்த இடமும் போயிற்று. எனவே இன்று பரணைச் சீர்திருத்துகிறவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பறிபோனதைத் திருப்பிக் கேட்கிறார், அவ்வளவுதான்.

கட்டட விதி என்ன சொல்கிறது? இந்திய தேசியக் கட்டட நெறித்தொகுப்பு, பரண் என்பதைப் பொருள் வைப்பதற்கான இடம் என்றே வரையறுக்கிறது. அதன் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. மனிதர் குடியிருக்கும் அறைக்கோ உயரம் 2.75 மீட்டருக்குக் குறையக் கூடாது. சரிவான கூரையென்றால் சராசரி உயரம் 2.75 மீட்டராவது வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன். விதியின் கண்ணில் பொருளுக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு 1.25 மீட்டர். தத்துவவாதிகள் நெடுங்காலம் தேடிய விடை இது. கொத்தனாரின் டேப்பில் நாலடிக்குச் சற்று மேலே இருக்கிறது.

3. முன்னோடிகள்

இந்த மாவட்டத்தில் குடியிருப்பு வசதி பற்றிய சிந்தனை மிகப் பழமையானது. கொசஸ்தலை ஆற்றங்கரையில் உள்ள அதிரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவிகளைக் கண்டார். அங்குள்ள பழமையான கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்தார்கள். பூண்டிக்கு அருகே மலைக்காட்டுக்குள் குடியம் குகை இருக்கிறது. அங்கும் கற்கருவிகள் கிடைத்துள்ளன. குகை என்றாலும் அது பொந்து அல்ல. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் பாறையே கூரையாக நீண்டிருக்கிறது. ஒரு பக்கம் முழுவதும் திறப்பு. உயரம், வெளிச்சம், காற்று மூன்றும் உண்டு. கட்டட அனுமதி மட்டும் இல்லை. கல்லைக் கூராக்கத் தெரிந்த காலத்திலேயே இந்தப் பகுதியில் தலை இடிக்காத வீட்டைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முன்னோடி உ.வே. சாமிநாதையர். ஊர் ஊராகப் போய் வீட்டுப் பரண்களிலும் மூலைகளிலும் முடங்கிக் கிடந்த ஏடுகளைத் தேடி எடுத்து, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். தமிழ் தன் சொத்தைப் பரணில் போட்டுவிட்டு மறந்திருந்தது என்பது இதன் ஒரு பக்கம். பரணில் வெளிச்சம் போதுமான அளவு இருந்திருந்தால் யாராவது முன்பே பார்த்திருப்பார்கள் என்பது பரணியலாரின் பக்கம்.

பாரதி காணி நிலம் கேட்டபோது அதில் மாளிகை கேட்டார், தென்னை கேட்டார், நிலவொளி கேட்டார். பரண் கேட்கவில்லை. வாடகை வீடு மாறி மாறிப் பழகியவர், விவரம் தெரிந்தவர்.

வெளிநாட்டு ஆய்வுகளில் பிரெஞ்சுக்காரர்களுடையது முக்கியமானது. 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்சார் பெயரால் வழங்கும் கூரை, கீழ்ப்பாதியில் செங்குத்தாக எழுந்து மேல்பாதியில் சரியும். அதனால் கூரைக்குள்ளேயே ஒரு மாடி கிடைத்துவிடும். பாரிஸ் மாளிகைகளில் வேலைக்காரப் பெண்களை அந்த மேல்தளத்தில்தான் தங்க வைத்தார்கள். அந்த அறைகள் இன்றும் வாடகைக்குப் போகின்றன. ஆனால் 2002-இல் அந்நாடு ஒரு கணக்கு வகுத்தது. வாடகைக்கு விடும் வீட்டின் பிரதான அறை 9 சதுர மீட்டர் பரப்பும் 2.2 மீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும், அல்லது 20 கனமீட்டர் கொள்ளளவாவது இருக்க வேண்டும். தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பூங்காவில் டயர் தயாரிக்கும் மிச்சலின் பிரெஞ்சு நிறுவனம் என்பதால், இந்த ஒப்பீடு ஊருக்குப் புறம்பானது அல்ல. டயர் வந்த வழியில் கூரைக் கணக்கும் வரட்டும்.

4. கள விவரம்

மாமாவுடையது சீமை ஓடு போட்ட வீடு. பாசல் மிஷனார் 1865-இல் மங்களூரில் ஆலை வைத்துத் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் பரம்பரை. பரண் 12 அடி அகலம், 15 அடி நீளம். பக்கச் சுவரோரம் 2 அடி உயரம், நடு மோட்டுவளைக்குக் கீழே ஐந்தரை அடி. ஐந்தரை அடி என்பது 1.68 மீட்டர். பரணாக இருக்கவேண்டிய 1.5 மீட்டரைத் தாண்டிவிட்டது, அறையாகும் 2.75 மீட்டரை எட்டவில்லை. கட்டட விதிகளில் இதற்குப் பெயர் இல்லை. புராணத்தில் உண்டு, திரிசங்கு சொர்க்கம்.

குடியேற்றத்துக்கு முன் பரணைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதிரம்பாக்கத்தின் மரபை ஒட்டி அடுக்கு அடுக்காக அகழ்ந்தேன். மேல் அடுக்கில் அரசு கொடுத்த மின்விசிறியும் மிக்சியும் கிடைத்தன. இவை 2011-க்குப் பிந்தியவை. அதன் கீழே அரசு கொடுத்த கலர் டிவி. ஆகவே 2006-க்குப் பிந்தியது. தமிழகத்து வீடுகளில் காலத்தைக் கணிக்கக் கார்பன் சோதனை தேவையில்லை. எந்தத் தேர்தலுக்குப் பிறகு வந்த பொருள் என்று கேட்டால் போதும். அதற்கும் கீழே அரிக்கேன் விளக்கு, மரத்தொட்டில், அத்தை சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டா. அடிமட்டத்தில் மாட்டுக் கழுத்து மணிகள், மூக்கணாங்கயிறு, கலப்பைக் கொழு.

இந்த அடிமட்ட அடுக்கு ஆய்வுக்கு முக்கியம். ஊரார் மேய்ச்சலுக்கென்று தலைமுறைகளாகக் காத்துவந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுநிலம் சிப்காட் தொழிற்பூங்கா ஆயிற்று. ஊர் போராடிப் பார்த்தது. பிறகு தார்ச்சாலை வந்தது, கம்பெனி பஸ் வந்தது. மேய்க்க இடமில்லாமல் மாமா மாடுகளை விற்றார். மாடு போனதும் மணி பரணுக்குப் போயிற்று. அடுத்த கட்டமாக மாடு மேய்ந்த இடத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். மணி இறங்கியது, ஆட்கள் ஏறினார்கள். ஒரு பரணின் வரலாறு என்பது இதுதான்.

வந்தவர்கள் நான்கு பேர். ஆய்வு நெறிப்படி பெயர் சொல்லாமல் 'உயரமானவர்', 'மற்ற மூவர்' என்று குறிப்பிடுகிறேன். உயரமானவர் ஆறடி. ஐந்தரை அடி மோட்டுவளைக்குக் கீழே ஆறடி மனிதர் எப்படி நடமாடினார் என்பதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். அவருக்குத் தெரிந்த முதல் தமிழ்ச் சொல் "அய்யோ". அத்தை கீழே அடுப்படியில் இருந்தபடியே சத்தத்தை வைத்து எந்த ஷிப்ட் முடிந்து யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். "குனியக் குனியக் குட்டுவார்கள் என்பது பழமொழி. இந்த வீட்டில் நிமிர நிமிரக் குட்டு விழுகிறது" என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். உயரமானவர் இரண்டாம் வாரத்திலிருந்து தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. அந்தப் பழமொழி பிறந்த இடமும் ஒரு பரணாகத்தான் இருக்க வேண்டும்.

5. உயரம் பற்றிய பரிசோதனைகள்

தலைக்கு மேல் இடத்தைக் கூட்ட அறிவுலகம் இதுவரை கண்ட வழிகள் நான்கு.

முதல் வழி, குள்ளமான ஆட்களைக் குடிவைப்பது. மாமா இதை விரும்பினார். ஆனால் புரோக்கர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும்போது மாமா முன்பணத்தைத்தான் பார்க்கிறார், உயரத்தைப் பார்ப்பதில்லை.

இரண்டாம் வழி, பரண் தளத்தைக் கீழே இறக்குவது. ஓரடி இறக்கினால் மேலே உள்ளவருக்கு ஓரடி கூடும், கீழே உள்ளவருக்கு ஓரடி குறையும். ஒரு வீட்டுக்குள் தலைக்கு மேலுள்ள இடத்தின் மொத்த அளவு மாறாது, இடிபடும் தலை மட்டுமே மாறும் என்பதைப் பரணியலின் அடிப்படை விதியாக முன்மொழிகிறேன். கீழே இருப்பது அத்தை என்பதால் இந்த வழி அன்றைக்கே கைவிடப்பட்டது.

மூன்றாம் வழி, சரிவின் நடுவே ஒரு பகுதியை மட்டும் தூக்கிச் சின்னக் கூரை ஒன்றைப் பக்கவாட்டில் கிளப்புவது. ஐரோப்பியப் பரண்களில் ஜன்னலோடு துருத்திக்கொண்டு நிற்பது இதுதான். பார்க்க அழகு. ஆனால் பெரிய சரிவும் சின்னக் கூரையும் சேரும் பள்ளத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் வந்து கூடும். கொத்தனார் அண்ணாந்து பார்த்து ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். "அங்க மழை வாடகை இல்லாம குடி வந்துடும்ணே."

நான்காம் வழி, கூரையை அப்படியே கழற்றிச் சுவரை உயர்த்தி மறுபடி மாட்டுவது. இதற்கு ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, கரையை உயர்த்தி, 380 கோடி ரூபாயில் சென்னைக் குடிநீருக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார்கள். 2020 நவம்பர் 21-இல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கொள்ளளவு 500 மில்லியன் கனஅடி. தண்ணீருக்கு இடம் போதவில்லையென்றால் தண்ணீரைக் குனியச் சொல்வதில்லை, கரையை உயர்த்துகிறார்கள். சென்னையின் தண்ணீருக்குச் செய்ததைச் சிப்காட்டின் ஆட்களுக்கும் செய்யலாம் அல்லவா? மாமா இந்த வாதத்தில் மடங்கினார். "380 கோடிலாம் ஆவாதுல்ல?" என்று மட்டும் உறுதி செய்துகொண்டார்.

ஓடுகளை இறக்கி எண்ணி அடுக்கினார்கள். ரீப்பரும் கைமரமும் கழன்று வந்தன. சுவரின் மேல் ஏழு வரிசைச் செங்கல் ஏறியது. மொத்தம் 2 அடி. இப்போது சுவரோரம் 4 அடி, நடுவே ஏழரை அடி. உயரமானவர் நடுவில் ஏறக்குறைய 5 அடி அகலப் பாதையில் நிமிர்ந்து நடந்தார். பிறகு திரும்பி நடந்தார். நாங்கள் கைதட்டினோம்.

ஒரு பக்கவிளைவைச் சொல்லாமல் விடுவது ஆய்வு நேர்மை ஆகாது. சுவர் உச்சியில் குறுக்கே ஒரு விட்டம் ஓடுகிறது. முன்பு அது பரண் தளத்திலிருந்து 2 அடி உயரத்தில் இருந்தது. ஆட்கள் தாண்டிப் போனார்கள். சுவர் உயர்ந்ததும் அதுவும் உயர்ந்து 4 அடியில் வந்து நின்றது. இப்போது குனிந்து போக வேண்டியிருக்கிறது. "அறுத்துப் போட்டுடலாமே" என்றேன். கொத்தனார் என்னைப் பார்த்த பார்வையில் என் பட்டங்கள் எல்லாம் உதிர்ந்தன. சரிந்து நிற்கும் கைமரங்கள் ஓட்டுப் பாரத்தை நேராகக் கீழே இறக்குவதில்லை. சுவர்களை வெளிப்பக்கமாகவும் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு சுவரையும் கைகோத்துப் பிடித்திருப்பது விட்டம். அதை அறுத்தால் சுவர் விலகும், மோடு இறங்கும், தலைக்கு மேல் இடம் கேட்டவர்களின் தலைக்கு மேலேயே கூரை வந்துவிடும். பரணைப் பெரிதாக்க நினைக்கும் வாசகர்கள் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

விட்டம் அங்கேயே இருக்கிறது. அதில் இப்போது நான்கு பேரின் சீருடை காய்கிறது.

6. வெளிச்சம் பற்றிய பரிசோதனைகள்

வெப்பமும் ஈரமும் மிக்க பகுதியில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது கட்டட நெறித்தொகுப்பு. 180 சதுர அடிக்கு 30 சதுர அடி. மாமா அனுமதித்தது நான்கு கண்ணாடி ஓடுகள். ஓர் ஓடு கூரையில் அடைப்பது முக்கால் சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. நான்கும் சேர்ந்து 3 சதுர அடியைத் தொடவில்லை. விதியை நிறைவேற்ற நாற்பதுக்கு மேல் வேண்டும். "அத்தினியும் கண்ணாடி போட்டா ஆளு தங்க முடியாது மாப்ளே, அப்பளம்தான் காய வெக்கலாம்" என்றார் மாமா. இது அறிவியல்படி சரி.

எந்தச் சரிவில் பதிப்பது? ஐரோப்பிய நூல்கள் வடக்குச் சரிவு என்கின்றன. டென்மார்க்கில் வில்லும் கான் ராஸ்முசன் 1941-இல் தொடங்கிய வீலக்ஸ் நிறுவனம் கூரை ஜன்னலை உலகெங்கும் கொண்டுபோயிற்று. அந்த ஊர்ச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே சாய்ந்து கிடக்கும் சாது. நம் சூரியன் அப்படி அல்ல. தேர்வாய் கண்டிகையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகலில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். பிறகு வடக்கே போய், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் தெற்கே திரும்பும். கத்திரி வெயில் அடிக்கும் மாதங்களில் வடக்குச் சரிவுதான் வாங்கிக் கட்டிக்கொள்கிறது. இறக்குமதி செய்த சூத்திரம் இங்கே எப்படிக் கருகும் என்பதற்கு என் குறிப்பேட்டின் மேலட்டையே சான்று. அதை நான் கண்ணாடி ஓட்டின் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன்.

பிரேசில் நாட்டு மெக்கானிக் ஆல்ஃபிரெடோ மோசர் 2002-இல் மின்வெட்டுக் காலத்தில் கண்ட முறையையும் சோதித்தோம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, பாசி பிடிக்காதிருக்கக் கொஞ்சம் பிளீச் கலந்து, பாதி கூரைக்கு வெளியேயும் பாதி உள்ளேயுமாகச் செருகிவிட வேண்டும். வெயில் தண்ணீரில் பட்டு நாலாபக்கமும் சிதறும். செலவில்லாமல் பகலில் 40 முதல் 60 வாட் பல்பின் வெளிச்சம். ஓட்டில் துளை போட்டால் ஓடு உடையும் என்பதால், பயன்படாமல் கிடந்த மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரையில் செய்து பார்த்தோம். அருமையாக எரிந்தது. உள்ளே மாடு இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

வெளிச்சம் நல்லது என்ற அடிப்படை நம்பிக்கையே ஆட்டம் கண்டது இதற்குப் பிறகுதான். நால்வரும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் அல்லர். ஒருவருக்கு ஏ ஷிப்ட், ஒருவருக்கு பி, ஒருவருக்கு சி. மற்றவருக்கு வாரத்துக்கு வாரம் மாறும். சி ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வந்து படுப்பவருக்குப் பத்து மணி வெயில் நடுநிசி. நான் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த வெளிச்சம் நேராக அவர் கண்ணிமை மேல் விழுந்தது. அவர் நகர்ந்து படுத்தார். வெயிலும் நகர்ந்தது. மதியத்துக்குள் பாயோடு அவர் பரணின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் படுத்த இடங்களைச் சாக்பீஸால் குறித்து வைத்தேன். நல்ல சூரியக் கடிகாரம் ஒன்று கிடைத்தது.

ஆகவே தொழிற்பேட்டைப் பகுதியில் எத்தனை சதுர அடி வெளிச்சம் என்று கணக்கிட்டால் போதாது, யாருடைய பகல் என்றும் கேட்க வேண்டும். தீர்வைக் கண்டவர் அத்தை. கிழிந்த சேலை ஒன்றை மடித்துத் தைத்து, கயிறு கோத்து, கண்ணாடி ஓட்டுக்குக் கீழே கட்டிவிட்டார். இழுத்தால் பகல், விட்டால் இரவு. காற்றுக்காகக் கிழக்கு, மேற்கு முக்கோணச் சுவர்களின் உச்சியில் சிமெண்ட் ஜாலி வைத்தோம். சூடான காற்று மேலே ஏறும் என்பது பள்ளிப்பாடம். மேலே ஏறிய காற்றுக்கு வெளியேற வழி வேண்டும் என்பதைப் பரணில் ஒரு மதியம் படுத்தால் கற்றுக்கொள்ளலாம்.

7. கனஅளவுக் கணக்கு

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு தொழிலாளிக்கு 14.2 கனமீட்டர் இடம் வேண்டும் என்று வகுத்தது. சட்டம் வருமுன்பே இருந்த பழைய ஆலைகளுக்குச் சலுகையாக 9.9 கனமீட்டர். மாமா வீட்டுப் பரணின் பழைய கொள்ளளவு 19.1 கனமீட்டர். பாரிஸின் 20 கனமீட்டரைக்கூட எட்டாத இடத்தில் நான்கு பேர். ஆளுக்கு 4.8. அதாவது ஆலைக்குள் ஒரு மனிதனுக்குச் சட்டம் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. வேலை நேரத்தில் முழு மனிதன், தூங்கும் நேரத்தில் மூன்றில் ஒரு மனிதன்.

இதை மாமாவிடம் காட்டினேன். அவர் கணக்கில் ஒரு பிழை கண்டுபிடித்தார். "நாலு பேரும் ஒண்ணா எங்க இருக்கறானுங்க? எப்பவும் ஒருத்தன் கம்பெனிலதான இருப்பான். மூணால வகு." ஏற்கத்தக்க திருத்தம். கூரையை உயர்த்தியபின் கொள்ளளவு 29.3 கனமீட்டர். மூன்றால் வகுத்தால் 9.77. பழைய ஆலைக்குக் கொடுத்த சலுகை அளவை மயிரிழையில் தவறவிட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நால்வரும் இருப்பார்கள். அன்றைக்கு மட்டும் யாராவது ஒருவர் ஊர்சுற்றப் போய்விட்டால் நிலைமை கட்டுக்குள் இருக்கும்.

ஒப்பீட்டுக்காக உயரமானவரிடம் அவர் வேலை செய்யும் ஷெட்டின் கூரை எப்படி என்று கேட்டேன். அவர் கையை மேலே தூக்கினார். போதவில்லை. குதித்துக் காட்டினார். பரணில் அவர் முதன்முறையாகக் குதித்தது அப்போதுதான். மேலே வரிசையாக வெளிச்சம் விடும் ஷீட், காற்றில் தானே சுழன்று சூட்டை வெளியேற்றும் உருளை விசிறி, கிரேன் ஓட இடம், எல்லாம் உண்டு என்றார். மெஷினுக்குத் தலை இடிக்காது. வெளிச்சத்தையும் உயரத்தையும் எப்படிக் கொடுப்பது என்பது இந்த ஊருக்குத் தெரியாத வித்தை அல்ல. சாலைக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கிறது, இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

8. முடிவும் பரிந்துரையும்

பரிசோதனைகள் வெற்றி. சராசரி உயரம் 1.75 மீட்டர் ஆகியிருக்கிறது. விதி கேட்கும் 2.75-க்கு இன்னும் சரியாக ஒரு மீட்டர் பாக்கி. திரிசங்கு சற்று மேலே ஏறியிருக்கிறான், சொர்க்கம் போய்ச் சேரவில்லை. அடுத்த மாதம் மாமா வாடகையையும் உயர்த்தினார். தலைக்கு மேல் 2 அடி கொடுத்ததற்குத் தலைக்கு 300 ரூபாய். இரண்டு 'தலைக்கு'ம் ஒன்றல்ல என்பதை இலக்கணம் படித்தவர்கள் அறிவார்கள். உயரமானவருக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் கணக்குத் தெரியும். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கொடுத்துவிடலாம் என்றார்.

ஆய்வின் எல்லைகள்: இது ஒரே ஒரு பரணை வைத்துச் செய்தது. ஆய்வாளர் ஐந்தடி மூன்றங்குலம். அதனால் வலி பற்றிய தரவுகள் பிறர் சொல்லக் கேட்டவையே.

வீடு கட்டுவோருக்கும் வாடகைக்கு விடுவோருக்கும் ஒரு பரிந்துரை. ஆளைக் குடிவைக்குமுன் ஒரு சித்திரை மாத மதியம் நீங்களே பரணில் ஏறுங்கள். நிமிர்ந்து நின்று பாருங்கள். கையில் இருக்கும் காகிதத்தைப் படித்துப் பாருங்கள். அரை மணி படுத்துப் பாருங்கள். நிற்க முடிந்து, படிக்க முடிந்து, தூக்கமும் வந்தால் தாராளமாக ஆள் வையுங்கள். முடியாவிட்டால் அங்கே அண்டாவை வையுங்கள்.